ஒரு மகள், மூன்று பிரிவுகள்

சரியாக மூன்று ஐம்பதுக்கு, செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் எங்கள் தெருமுனைக்கு வந்த பள்ளிப் பேருந்திலிருந்து எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள், என் மகளைத் தவிர.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மாதாப்பூரில் வேலை. ஒரு நிறுவனத்தின் துறைகள் தனித்தனியாகப் பூட்டி வைத்திருக்கும் தகவல்களை ஒரே திரையில் சேர்த்துக் காட்டுவது. (சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.) அன்று வீட்டிலிருந்து வேலை என்பதால், அக்கறையுள்ள தகப்பனாக நானே போய் நின்றிருந்தேன்.

பள்ளிக்குப் போன் செய்தேன். மகள் காலையில் பஸ் ஏறியதாகப் போக்குவரத்துப் பிரிவு சொன்னது. நாள் முழுக்க வகுப்புக்கே வரவில்லை என்றது வருகைப் பதிவுப் பிரிவு. இரண்டும் அடுத்தடுத்த அறைகள். நடுவில் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் காணோம்.

அதற்குள் மனைவி இரண்டு முறை அழைத்தாள். சனத்நகரில் வேலையில் இருப்பவளை எதற்குப் பயமுறுத்துவது என்று துண்டித்தேன். (வீரம்.)

ஆட்டோவில் நான் நடுங்கியதைப் பார்த்து, ஜுரமா என்று ஓட்டுநர் கேட்டார்.

பள்ளி அலுவலகத்தில் அகப்பட்டவர் ஸ்டெல்லா மேடம், செகந்திராபாத் தமிழர். அவருடைய மேசைக் காலண்டரைத் திருப்பிப் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறிகள் இட்டு, பிரிவுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்னவாகும் என்று விளக்கினேன். கடைசி அம்புக்குறியில் குரல் உடைந்தது.

அவர் அமைதியாகப் போட்டிகள் பிரிவின் ஃபைலைத் திறந்தார். வினாடி வினாவுக்காக மகளை வேறு பள்ளிக்கு அழைத்துப்போக அனுமதிக் கடிதம். முடிந்ததும் தாயார் வந்து கூட்டிப்போவார் என்றும் இருந்தது. கீழே என் கையெழுத்து. முந்தின வாரம் ஒரு மீட்டிங்கில் இருந்தபடியே படிக்காமல் போட்டது. மீட்டிங்கின் பொருள்: துறைகளுக்கிடையே தகவல் பரிமாற்றம்.

"வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் போட்டிப் பிரிவு சொல்லாதது எங்க தப்பு சார். உங்க வீட்டுலயும் இப்படித்தானா?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பரிசுக் கோப்பையை ஒப்படைக்க வந்த மகள்; பின்னால் கையில் ஹெல்மெட்டோடு மனைவி. மகளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் கோப்பை நசுங்காதது அதிசயம். மனைவி தன் போனை நீட்டி, நான் துண்டித்த இரண்டு அழைப்புகளைக் காட்டினாள். மகள் என் கட்டங்களையும் அம்புகளையும் நிதானமாகப் பார்த்தாள். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் எதைத் தொலைத்தாலும் சொல்லப்படும் அந்த வசனத்தை அப்போதுதான் முதலில் சொன்னாள்:

"பரேஷான் நக்கோ டாடி, கவலைப்படாதீங்க. அடுத்த தடவை மம்மி டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு போன் பண்ணுங்க."