அக்காவுக்கு, கதவு சம்பந்தமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். உன் நலத்தைப் போனில் விசாரிக்கலாமென்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் தூக்கி எறிவாய், ஆனால் அரை மணி கழித்து எடுத்துப் படிப்பாய் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததை நான் மறக்கவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இங்கே வந்து தங்கியிருந்த நீ சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினாய். நல்ல எண்ணத்தில்தான். அவள் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் தேட, பேச்சு வளர்ந்தது. அவள் படுக்கையறைக்குள் போனாள், நீ பேசிக்கொண்டே பின்னால் போனாய், கதவு உன் மூக்குக்கு நேரே படாரென்று சாத்திக்கொண்டது. அடுத்த பஸ்ஸில் நீ பெட்டியோடு கிளம்பிவிட்டாய். அது காற்று, அக்கா. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், காற்று. அந்தக் கதவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

அதனால், கதவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு உன்னைக் கூப்பிடுவோம் என்று முடிவு செய்தேன். ஹார்டுவேர் கடைக்காரர் காந்தம் வைத்த டோர் ஸ்டாப்பர் ஒன்றைக் கொடுத்து, "கதவு வந்து இதுல ஒட்டிக்கும் சார், புயலே அடிச்சாலும் அசையாது" என்றார். தரையோ வழவழவென்ற டைல்ஸ். அதில் துளை போட மனமில்லாமல் பசை போட்டு ஒட்டினேன். ஒட்டும் முன் சுவரிலிருந்து எவ்வளவு, கீலிலிருந்து எவ்வளவு என்று மூன்று தடவை அளந்து, தாளில் படம் வரைந்து, பழக்கதோஷத்தில் வடக்குத் திசைகூடக் குறித்தேன். பசை காயும்வரை யாரும் மிதிக்காமலிருக்க ஒரு நாள் முழுக்க நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கதவைத் தள்ளினேன். கதவு ஸ்டாப்பருக்கு மேலாக நோகாமல் போய்ச் சுவரில் இடித்தது. முப்பத்தொரு வருஷம் சர்வேயராக இருந்து ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவன், கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளக்கவில்லை. அவள் என் எதிரே சிரிக்கவில்லை, சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள்.

அடுத்தது உயரமான ஸ்டாப்பர், இந்தத் தடவை திருகாணி. பக்கத்து வீட்டுக்காரரிடம் டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தேன். டைல்ஸில் மெஷினின் துளைபோடும் பிட்டை வைத்தால் அது ஓரிடத்தில் நிற்க வேண்டுமே? வழுக்கிக்கொண்டு ஓடி, முழ நீளத்துக்குக் கோடு கிழித்தது. "செலோ டேப் ஒட்டி அதுமேல போடுங்க, வழுக்காது" என்றாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஒட்டினேன். வழுக்கவில்லைதான். ஆனால் மெஷினில் உள்ள ஒரு திருகு, சுத்தியல் படத்துக்கு நேரே இருந்திருக்கிறது, அப்படி வைத்தால் இடித்து இடித்துத் துளைக்குமாம், அது சுவருக்காம், டைல்ஸுக்கு ஆகவே ஆகாதாம், எனக்கு யார் சொன்னார்கள்? டக்கென்று ஒரு சத்தம், விரிசல் கட்டில் கால்வரை போய்விட்டது. கடைசியில் கொத்தனார் வந்தார். உடைந்த டைல்ஸை மாற்றி இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்துத் திருகி முடுக்கினார். இடம் மட்டும் என் படத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டுமென்று நான் ஒரே பிடியாக நின்றேன். எல்லாம் முடிந்து கதவைத் திறந்து பார்த்தவர், "சார், இது கதவைத் தடுக்கப் போட்டதா, ஆளைத் தடுக்கப் போட்டதா?" என்றார். சுவரில் இடிக்கக் கூடாதென்று நான் தாராளமாக இடம் விட்டதில், கதவு இப்போது பாதிதான் திறக்கிறது. ஒருக்களித்துத்தான் உள்ளே போகிறோம்.

போகட்டும், அக்கா. காந்தம் நல்ல காந்தம். கதவு ஒட்டிக்கொண்டால் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. இனிமேல் காற்று நினைத்தாலும், வேறு யார் நினைத்தாலும், அதை அறைந்து சாத்த முடியாது. யாரும் நினைக்கவில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். உன்னோடு நான் போடாத சண்டையா? ஆனால் இத்தனை மாதம் நாம் பேசாமல் இருந்ததில்லை. என்னால் முடியவில்லை அக்கா. ஒருமுறை வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போ.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எனக்கு நீ ஆசி எதுவும் அனுப்ப வேண்டாம், போனை எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு: அண்ணி, இது நான் எழுதறது. தபால்ல சேர்க்கச் சொல்லி உங்க தம்பி இதை என்கிட்ட கொடுத்தார். உறையை ஒட்டல, படிச்சுட்டேன். அன்னைக்கு மழைன்னு எல்லா ஜன்னலையும் சாத்தினது உங்க தம்பிதான். வீட்டுக்குள்ள காத்தே கிடையாது. அறைஞ்சு சாத்தினது நான். அது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எட்டு மாசமா என்னை ஒரு வார்த்தை கேட்காம, என் கோபத்தைக் காத்து மேல போட்டுட்டு, தரையில குந்திக் குந்தி முட்டி வலியோட நடக்கிறார். இதுக்கு மேலயும் அந்த மனுஷனைப் பொய் சொல்ல விட எனக்கு மனசு வரல. தப்பு என்னோடதுதான், மன்னிச்சுடுங்க. வாங்க அண்ணி. வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டுங்க, இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன்.