அறுபத்திரண்டாவது போல்ட்டு

கழற்றியது அறுபத்தொன்று. திரும்ப மாட்டியதும் அறுபத்தொன்று. அப்படியானால் காருக்கு அடியில், சிமென்ட் தரையில், அவனையே பார்த்துப் பளபளத்துக்கொண்டு கிடக்கும் இந்தப் போல்ட்டு எங்கிருந்து வந்தது?

மல்லாந்து படுத்தபடியே மாப்பிள்ளை கையை நீட்டி அதை எடுத்தான். சுண்டுவிரல் நீளம். ஆறு பட்டைத் தலை. பொட்டுத் துரு இல்லை.

அவனுக்குத் தொழில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். அதில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. தரையில் செய்தித்தாளை விரிப்பான். கழற்றும் ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்து, சுற்றி வட்டம் போட்டு, எண் எழுதுவான். மாட்டும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வருவான். எல்லா வட்டமும் காலியானால் வேலை முடிந்தது. பதினான்கு வருடத்தில் அவனிடம் ஒரு திருகு மிஞ்சியதில்லை.

அந்தப் பெருமைதான் அவனுக்குக் கல்யாணத்தையே முடித்துக் கொடுத்தது. பெண் கேட்டுப் போன அன்று மாமனார் சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடா என்று கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு வங்கி அதிகாரியையும் ஒரு இன்ஜினியரையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்த மனிதர் அவர். இவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு மெஷினைக் கழட்டி மாட்டினா எத்தனை மிஞ்சும்?"

"ஒண்ணுகூட மிஞ்சாதுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமாங்க."

அடுத்த மாதம் கல்யாணம்.

மாமனார் பாலங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். இந்தக் கரும்பச்சை ஸ்போர்ட்ஸ் காரும் அவரைப் போலத்தான், பழையது, கம்பீரமானது, இரண்டு பேருக்கு மேல் இடம் கொடுக்காதது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பழைய இரும்பாக வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தனி ஆளாகத் திரும்பப் பூட்டினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதை எடுத்துத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வருவார். துடைப்பார். மூடுவார்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை காலை அந்தக் கார் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் போகப்போகிறது. மாமனாரும் அத்தையும் மட்டும், கடலோரத்தில் இருக்கும் அத்தையின் தங்கை வீட்டுக்கு. ஒவ்வொரு வருடமும் கிளம்புவதாக இருந்து, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் முழங்கால் வலி, ஒரு வருடம் "டயரோட முகமே சரியில்ல" என்று நின்றுபோன பயணம் அது. அதற்காகக் காரைப் பிரித்துச் சரிபார்க்கத்தான் மாமனார் இன்று மாப்பிள்ளையை வரவழைத்திருந்தார்.

இந்த முறை அத்தை முன்கூட்டியே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். "ஏதாவது நொட்டை சொல்லி அவர் நிறுத்தினார்னா நான் பாட்டுக்கு பஸ் ஏறிடுவேன் மாப்பிள்ளை. போறது நிச்சயம். திரும்பி வர்றதுதான் சந்தேகம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பஸ் நேரங்களை எழுதிய துண்டுச்சீட்டு அவர் கையில் இருந்தது.

ஷெட் வாசலில் நிழல் விழுந்தது. மாமனார்.

"ஆச்சா மாப்பிள்ளை?"

அவன் போல்ட்டைக் கைக்குள் மூடிக்கொண்டான். "ஆயிட்டே இருக்கு மாமா."

மாமனார் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். "ஒண்ணும் மிஞ்சலையே?"

"இ... இன்னும் முடியல மாமா."

"அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க. ஒரு பாலத்துல ஒரே ஒரு போல்ட்டு மிஞ்சினா அது பாலம் இல்ல. காத்து அடிக்கறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கிற இரும்பு." சொல்லிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்.

அவன் செய்தித்தாளை மறுபடி எண்ணினான். அறுபத்தொரு வட்டம். அறுபத்தொன்றும் காலி. பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தன் செய்தித்தாளைத் தானே நம்பாமல் பார்த்தான்.

மனைவி டீ கொண்டுவந்தாள். போல்ட்டைக் காட்டினான்.

"எந்த இடத்துது இது?"

"தெரிஞ்சா மாட்டியிருக்க மாட்டேனா?"

"அப்பாவைக் கேளுங்க. பிரிச்சுப் பூட்டினவரு அவர்தானே."

"அவர்கிட்டயா? ஒண்ணும் மிஞ்சாதுன்னு சொல்லி உன்னைக் கட்டினவன் நான்."

"அதனால? இத்தனை வருஷம் கழிச்சு என்னைத் திருப்பி வாங்கிக்குவாராக்கும்?" அவள் கப்பை வைத்தாள். "வாங்கிக்கிட்டா நல்லதுதான். மாடியில என் ரூம் காலியாத்தான் இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு ஒர்க்‌ஷாப் உண்டு. மாமனார் குளிக்கப் போன நேரம் பார்த்து அங்கே ஓடினான். மெக்கானிக் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கார்புரேட்டர் பக்கத்துல வர்றது."

"அப்படியா!"

"டேஷ்போர்டுக்குப் பின்னாடியும் வரும்."

"ஓ."

"சீட்டுக்கு அடியிலகூடப் பாத்திருக்கேன்."

"மூணும் வேற வேற இடமாச்சேண்ணே?"

"போல்ட்டுன்னா எங்க வேணா போகும் தம்பி, நம்மள மாதிரி. ஆனா ஒண்ணு. இவ்வளவு பளபளப்பு சும்மா வராது. ராப்பகலா எதுமேலயோ உரசிக்கிட்டே இருந்திருக்கு. முக்கியமான இடமாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்புரேட்டரைக் கழற்றினான். புதுச் செய்தித்தாள், புது வட்டங்கள். காலித் துளை ஒன்றுகூட இல்லை. திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தான். நேற்று வரை பூனை போல் உறுமிய எஞ்சின் இன்று கிழவர் போல் இருமியது.

"என்ன சத்தம்?" வீட்டுக்குள்ளிருந்து மாமனார்.

"நான்தான் மாமா, தொண்டை சரியில்ல!"

இருமலை நிறுத்த ஒரு திருகைத் திருப்பினான். இருமல் விக்கலானது. இன்னொன்றைத் திருப்பினான். விக்கலும் இருமலும் சேர்ந்து வந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டும் தானாகவே நின்றன. எதனால் நின்றன என்று தெரியாததால் பயம் இரட்டிப்பானது.

அடுத்தது டேஷ்போர்டு. அதற்குப் பின்னால் ஒயர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. காலித் துளை அங்கேயும் இல்லை. மூடிவிட்டு ஹாரனை அழுத்தினான். ஹாரன் அடித்தது. கூடவே இரண்டு வைப்பரும் எழுந்து ஆடின. ஹாரனை விட்டான். வைப்பர்கள் படுத்தன.

மறுபடி பிரித்து ஒரு ஒயரை மாற்றினான். இப்போது ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது, பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. அவசர அவசரமாகப் பழையபடியே மாற்றிவைத்தான். ஆடட்டும். ஆடினால் யாரும் சாக மாட்டார்கள்.

மாலை சீட்டைக் கழற்றினான். அடியில் ஒரு பழைய சீப்பு இருந்தது. துளை இல்லை. திரும்பப் பொருத்தியபோது சீட்டு நான்கு விரற்கடை முன்னால் வந்து நின்றுகொண்டு, பின்னால் போக மறுத்தது. உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. மாமனார் இவனைவிட உயரம். அதைப் பின்னால் தள்ளத் தள்ள, அவனுடைய மூச்சு முன்னால் வந்தது. கடைசியில் ஒரு உதை விட்டான். சீட்டு சாதுவாகப் போய் உட்கார்ந்தது.

மூன்று இடம் பார்த்தாயிற்று. போல்ட்டு இன்னும் கையில்தான் இருந்தது.

நிழல் மறுபடி வாசலில். இந்த முறை மாமனார் உள்ளேயே வந்துவிட்டார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை. எல்லாம் மாட்டியாச்சா?"

வாசலுக்கு அப்பால், கொடியில் அத்தை பயணத்துக்கான ஸ்கார்ஃபைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். மஞ்சள் நிறம். திறந்த காரில் தலைமுடி பறக்காமல் இருப்பதற்காக வாங்கி, இதுவரை ஒரு தடவைகூடக் கட்டாத ஸ்கார்ஃப்.

"மாட்டியாச்சு மாமா."

"ஒண்ணும் மிஞ்சல?"

"ஒண்ணும் மிஞ்சல."

மாமனார் அவன் கையைப் பிடித்தார். விடவில்லை. அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து அவனுக்குக் கிரீஸ் நாற்றமே மறந்துபோனது.

"எங்கேன்னுகூட நான் கேக்க மாட்டேன்," என்றார் மாமனார்.

எது எங்கே என்று அவனுக்குப் புரியவில்லை. "ஹாரன் அடிச்சா மட்டும் வைப்பர் கொஞ்சம் ஆடும் மாமா," என்றான், ஒரு பாதி உண்மையாவது சொல்லிவிட வேண்டுமென்று.

"ஆடட்டுமே!" என்றார் மாமனார். பாலத்தில் ஒரு கீறல் விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற மனிதர்.

திங்கட்கிழமை காலை கார் வாசலில் நின்றது. மாமனார் இருபது வயது குறைந்தவர் போல விசிலடித்தபடி பெட்டியை ஏற்றினார். ஒரு தடவை ஹாரன் அடித்தார். வைப்பர்கள் எழுந்து கையசைத்தன. மனைவி கைதட்டினாள். மாப்பிள்ளை முதல் நாள் இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தவன். அவன் கண்ணுக்கு இதெல்லாம் தெரியவில்லை. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்தான் தெரிந்தது. அதில் ஒரு மலை வளைவு. அந்த வளைவில் இவனால் கழன்றுகொள்ளும் ஏதோ ஒன்று.

"கேஸை மூடினேனான்னு பாத்துட்டு வந்துடறேன்," என்று மாமனார் மூன்றாவது தடவையாக வீட்டுக்குள் போனார்.

அவன் காரின் மறுபக்கம் ஓடினான். மஞ்சள் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, மடியில் கைப்பையோடு அத்தை உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இறங்கிடுங்க. போகாதீங்க."

"இப்பத்தான் மாப்பிள்ளை ரெண்டு காலையும் மடக்கி உள்ள நுழைச்சேன்."

"நான் பொய் சொல்லிட்டேன் அத்தை." உள்ளங்கையை விரித்தான். போல்ட்டு வெயிலில் மின்னியது. "ஒண்ணு மிஞ்சிடுச்சு. எந்த இடத்துதுன்னு தெரியல. மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவர் என்னை என்ன வேணாலும் பேசட்டும். நீங்க பஸ்லயே போங்க, நான் கொண்டுவந்து ஏத்திவிடறேன்."

அத்தை அதை இரண்டு விரலால் எடுத்தார். சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரரைப் பார்ப்பது போல் பார்த்தார். வீட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"மூச்சு விடாதீங்க. கடல்ல போட்டுடறேன்."

"அத்தை! அது இல்லாம எப்படி வண்டி..."

"அது இல்லாமதான் இருபத்திரண்டு வருஷமா ஓடுது." அத்தை ஸ்கார்ஃபின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். "பிரிச்சுப் பூட்டினப்ப அவர்கிட்ட மிஞ்சினது மாப்பிள்ளை இது. இதுக்கு இடம் தெரியாமத்தான் ஒரு நாளும் தெருமுனையைத் தாண்டல. சனிக்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி காருக்கு அடியில கொண்டுபோய்ப் போட்டதும் அவரேதான், நீங்களாவது இடம் கண்டுபிடிச்சு மாட்டிடுவீங்கன்னு. நீங்க பொண்ணு கேட்டு வந்தப்ப அந்த ஒரே ஒரு கேள்வி கேட்டாரே, அன்னைக்கே இது அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு."