தலைக்கு மேலே நாற்பது பாட்டில்

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று தங்கசாமி ஒரு சனிக்கிழமை காலையில் முடிவு செய்தார். அன்று மத்தியானமே அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் அவர் குமாஸ்தா. அவர் சம்சாரம் வசந்தாமணிக்குக் கண்ணாடிப் பாட்டில் என்றால் உயிர். காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை அவள் வெளியே போட்டு யாரும் பார்த்ததில்லை. மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டால் விளக்கு. தயிரை ஊற்றிக் குலுக்கினால் வெண்ணெய். வெந்நீர் ஊற்றித் துணி சுற்றினால் இடுப்பு வலிக்கு ஒத்தடம். போன வருஷம் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. சமையலறைப் பரண் பலகையின் அடியில் மூடிகளை வரிசையாக ஆணியடித்து, பாட்டில்களை அதில் திருகி மாட்டிவிட்டாள். நாற்பது பாட்டில்! தலைக்கு மேலே பழம் பழுத்த மாதிரித் தொங்கின. எதிலும் பேர் கிடையாது.

"பேரெழுதி ஒட்டுனா என்ன புள்ள?"

"எனக்குத் தெரியுமுங்க. நீங்க எதுக்குத் தெரிஞ்சுக்கோணும்?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தினார். மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் வசந்தாமணி தண்ணிக்குப் போனதும் ஒவ்வொரு பாட்டிலாகத் திருகி நக்கிப் பார்த்தார். சோடா உப்பு. மைதா. கோலமாவு. பன்னிரண்டாவதில் சொர்க்கம்! நைசான மாவு, தித்திப்பு, லேசாக ஏலக்காய் வாசம். அன்றிலிருந்து தினமும் மூன்று கரண்டி. ஒரு வாரம் ஓடியது. பாட்டில் பாதியானது. அவருக்குத் தைரியமும் வந்தது.

அந்தத் தைரியத்தோடுதான் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். சமையலறையில் வசந்தாமணியும் பக்கத்து வீட்டு மொய்தீன் சம்சாரம் மஸ்தான் பீவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எலித் தொல்லை போச்சாக்கா?"

"மருந்து கலக்கி வெச்சிருக்கேன் பீவி. சர்க்கரை, ஏலக்காயெல்லாம் போட்டு. பன்னெண்டாவது பாட்டிலு."

தங்கசாமி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தின்னதும் செத்துருமா?"

"ஒடனே சாவாது. ஒரு வாரம் ஆவும். மொதல்ல நாக்கு வறளும். அப்புறம் முழங்கால் ஆடும். கடேசியா காதுக்குள்ள குய்யின்னு கேக்கும். அத்தோட சரி."

நாக்கைத் தொட்டுப் பார்த்தார். வறண்டிருந்தது. முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. காதில் குய் கேட்கவில்லை. லாரியின் ஏர் ஹாரனே கேட்டது. வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, அப்படியே விழுந்தார்.

"வசந்தா! நான் போறேன்!"

"எங்கீங்க?"

"மேலே! பன்னெண்டாவது பாட்டில்... நான்தான் தின்னுட்டேன். ஒரு வாரமா!"

மஸ்தான் பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து தங்கசாமிக்கு இன்னும் பயம் வந்தது. சாகப்போகிற நேரத்தில் எதையும் மறைக்கக்கூடாது என்று பட்டது.

"இன்னொன்னும் சொல்லிப் போடறேன். மேட்டூர்ல இருந்து உன்ற அக்கா உண்ணாமலை மூணு கடுதாசி போட்டா. ஆபீசுக்குத்தான் வந்துச்சு. டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டேன்."

வசந்தாமணியின் முகம் மாறியது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என்னன்னுங்க எழுதியிருந்தா?"

"அவ மக பெரிய மனுசியாயிட்டாளாம். அடுத்த வாரங் கழிச்சுத் தெரட்டி சீராம். பத்து நாள் முந்தியே வந்து நிக்கச் சொன்னா. நீ போயிட்டா நான் சோத்துக்கு என்ன பண்ணுவேன்னு..."

"எங்கக்கா என்னைய மறந்துட்டான்னு ஆறு மாசமா அழுதுட்டிருந்தனே, பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

விஷத்தைவிட அந்தக் கேள்விக்குத்தான் தங்கசாமிக்கு அதிகமாக வியர்த்தது.

"எந்திரிங்க," என்றாள் கடைசியில். "அது பொட்டுக்கடலை மாவு. குழந்தைகளுக்கு வெச்சிருந்தேன்."

"அப்ப எலி?"

"ஊட்டுல ஏதுங்க எலி? கண்ணாடிப் பாட்டிலுங்க அது. தெனமும் மூணு கரண்டி கொறையறது கண்ணுக்குத் தெரியாதா? நீங்களா ஒத்துக்குவீங்கன்னுதான், நீங்க வர்ற சத்தங் கேட்டதும் சும்மா சொன்னேன். ஒரு திருட்டுக்கு வலை போட்டா, ரெண்டு விழுந்திருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடும் இரண்டு குழந்தைகளோடும் அவள் மேட்டூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். தங்கசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு எதுல புள்ள இருக்குது?"

"வலது பக்கம் மூணாவது. நாலாவதை மட்டும் தொட்டுராதீங்க."

"ஏன்? நாலாவதுல என்ன?"

டிரைவர் ஹாரன் அடித்தார். வசந்தாமணி ஏதோ சொன்னாள்; கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. தங்கசாமி பின்னாலேயே ஓடினார்.

"வலதுன்னா, வாசல்ல நின்னு பார்த்தாலா, அடுப்புல நின்னு பார்த்தாலா?"

பஸ் போய்விட்டது.

பத்து நாளும் மூன்று வேளையும் மஸ்தான் பீவி கொடுத்தனுப்பிய கஞ்சியைத்தான் தங்கசாமி குடித்தார்; அதையும் மொய்தீன் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகு.