பேன்சீப்புச் சாமி ஊற்றாத தண்ணீர்

மயிலாப்பூரில் ஆத்திகரையும் நாத்திகரையும் ஒரே கட்சியில் சேர்த்த பெருமை பேன்சீப்புச் சாமி ஒருவருக்குத்தான் உண்டு. இரு தரப்பும் அவரைச் சந்தேகப்பட்டார்கள்.

உப்புச் சத்தியாகிரகத்துக்கு அடுத்த வருஷம் எங்கள் தெருக்கோடி அறைக்குக் குடிவந்தார். வருஷம் உறுதி, மாதம்தான் பிடிபடவில்லை. கிறிஸ்துவர். ஆனால் அங்கி கிடையாது, பிரசங்கம் கிடையாது. விடிந்ததும் வேப்பெண்ணெய்ப் புட்டியும் மரச்சீப்புமாகக் கடற்கரைக் குப்பத்துக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பேன் வாரிக் குளிப்பாட்டுவார். கூலி வாங்கமாட்டார். சந்தேகத்துக்கு அதுவே போதாதா?

"போலீஸ் வேவுக்காரன் ஓய்!" என்றார் எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா. மறுவாரம், "முடியை டோப்பா பண்ணி நாடகக் கம்பெனிக்கு விக்கறான்" என்றார். அதற்கடுத்த வாரம் உண்மையையே கண்டுபிடித்துவிட்டார்: "பேனெல்லாம் சாக்கு! அவா மதத்துல தலையில ஜலம் விட்டா ஞானஸ்நானம். குளிப்பாட்டிண்டே குப்பத்தையே மாத்திண்டிருக்கான்!"

உச்சிவேளைக்குள் இது குப்பத்துக்கு எட்டிவிட்டது. மறுநாள் மீன் விற்கும் அஞ்சலை சாமியை வழிமறித்தாள். தலையெல்லாம் பேன்புண் என்று அவள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"இன்னா நைனா, எங்க மாரியாத்தாவ மறக்கடிக்கத்தான் தண்ணி ஊத்திக்கினு கீறியா?"

"தண்ணிய நீயே ஊத்தும்மா. சீப்ப மட்டும் எங்கிட்ட விடு. புண்ணு ஆறினாத்தானே பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்க?"

அன்று முதல் சாமி எண்ணெய் தடவி வாருவார். அஞ்சலை குடத்தைத் தூக்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நிற்பார். கால் தவறி முன்னே வந்தால், "அப்பால போ நைனா!" என்று அஞ்சலை அதட்டுவாள்.

இதை வேவு பார்க்க நானும் குமாஸ்தாவும் ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் பதுங்கினோம். வெகுநேரம் பார்த்தும் பேனைத் தவிர எதுவும் அகப்படவில்லை. குமாஸ்தா தன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கான்னா, விஷயம் பெரிசு ஓய்!"

புண் ஆறி அந்தப் பெண் பள்ளிக்கூடம் திரும்பினாள். கோடையில் சாமிக்கு அம்மை போட்டது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அஞ்சலைதான் வந்து நிலையில் வேப்பிலை செருகி, மாரியாத்தாவை வேண்டிக்கொண்டு கஞ்சி கொடுத்தாள். அம்மை இறங்கியதும் அவரை வாசலில் உட்காரவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலையில் கொட்டினாள்.

"தண்ணி ஊத்திட்டேன் நைனா. இனிமே நீ எங்காளு!"

முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு சாமி கேட்டார்: "இதுக்கு இத்தினி நாளாம்மா?"

"இதுல என்ன சூது ஓய்?" என்று குமாஸ்தா என் காதில் கிசுகிசுத்தார்.

இன்றும் எங்கிருந்தாவது வேப்பெண்ணெய் வாசனை அடித்தால் ஜன்னலைத் திறந்து தெருக்கோடியைப் பார்க்கிறேன். வேவு பார்க்க அல்ல.