இடக்கை, மன்னிக்கணும்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய் என்றால் இன்றைக்கு என் ஃபுஃபு உருண்டை கல்லாகப் போகட்டும், சூப்பில் கிடக்கும் ஆட்டுக்கறி எழுந்து நடந்து போகட்டும். நம்பாதவர்கள் குமாசிச் சாலையில் இறங்கி, சந்தைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்துக் கோல் கம்பத்தை விசாரித்துக்கொள்ளலாம். நடந்ததை நேரில் பார்த்த சாட்சி அது. இன்றுவரை வாக்குமூலத்தை மாற்றவில்லை.

அந்தப் பள்ளியில் படித்தாள் போக்குவா. பெண்கள் கால்பந்து அணியின் கோல் கீப்பர். மாவட்ட இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில்கூட பந்தைப் பிடித்துக் கட்டிலிலிருந்து விழுகிற பெண். அவளிடம் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான்: பிறவியிலேயே நொட்டாங்கைக்காரி.

ஒரு திங்கட்கிழமை மேடம் போமா வகுப்பில் கேட்டார்: "மழை எப்படி உண்டாகிறது?"

வகுப்பே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தது. ஒரே ஒரு கை எழுந்தது. அது இடக்கை.

"யாருக்குடி காட்டுறே அந்தக் கையை?"

"பதில் தெரியும் மேடம்."

"பதில் எனக்கும் தெரியும். நான் கேக்கிறது கையைப் பத்தி."

"அது தானாவே எழுந்திருச்சு மேடம்."

"ஓகோ! அப்போ அது இன்னும் தலைமையாசிரியரைப் பார்த்ததில்லை போல. வா, அறிமுகம் பண்ணி வைக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் இடக்கையால் கொடுப்பதில்லை, வாங்குவதில்லை, வழிகூடக் காட்டுவதில்லை. சோத்துக்கையில் சுமை இருந்து வேறு வழியே இல்லையென்றால், "இடக்கை, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு நீட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் "பரவாயில்லை" என்று சொல்லியே ஆக வேண்டும். பால் குடிக்கும்போதே பழகிக்கொள்கிற மரியாதை இது. தலைமையாசிரியர் ஒட்டெங் இந்த மரியாதையின் மொத்த வியாபாரி. அவர் வீட்டு நாய்கூட வலக்காலைத்தான் நீட்டும் என்பார்கள்.

தீர விசாரித்து அவர் தீர்ப்பு வழங்கினார். கோல் கம்பத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் புல்லை போக்குவா வெட்டி முடிக்க வேண்டும். முடிக்கும்வரை பந்தைத் தொடக்கூடாது.

இவ்வளவுதானா என்று போக்குவா வெட்டுக்கத்தியை எடுத்தாள். பள்ளி விடுவதற்குள் தரை மொட்டை. ஒட்டெங் பார்வையிட வந்தார்.

"எந்தக் கையால வெட்டினே?"

போக்குவா கையைப் பின்னால் மறைத்தாள். அதுவே வாக்குமூலம் ஆயிற்று.

"இடக்கையால் வெட்டப்பட்ட புல், ஒழுங்குமுறைகளின்படி, வெட்டப்படாத புல்லாகவே கருதப்படும்."

"சார், புல்லுதான் அங்க இல்லையே சார்."

"உன் கண்ணுக்கு இல்லை. நிர்வாகத்துக்கு இருக்கு. மறுபடியும் வெட்டு."

"இல்லாத புல்லை எப்படி சார் வெட்டுறது?"

"வலக்கையால்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போக்குவா சோத்துக்கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத புல்லைக் குனிந்து குனிந்து வெட்டினாள். பத்து அடி தள்ளி அவளுடைய அணி, கோல் கீப்பர் இல்லாமல் பயிற்சி செய்தது. பந்து ஒவ்வொரு முறை வலைக்குள் போகும்போதும் அவள் கத்தியை ஓங்கியபடியே திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நல்ல சிந்தனை வந்துவிட்டால் அதிகாரி அதோடு நிற்பாரா? மறுவாரமே 'இடக்கை தொடர்பான இடைக்கால ஏற்பாடு' என்ற சுற்றறிக்கை வந்தது. பள்ளி நேரத்தில் எல்லோரும் இடக்கைக்குக் கட்டைவிரல் வைத்துத் தைத்த துணிப்பை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். பை தைக்கும் வேலை சந்தையில் தையல் இயந்திரம் வைத்திருந்த செர்வாவுக்குக் கிடைத்தது. செர்வா வேறு யாருமில்லை, போக்குவாவின் அம்மா.

"அம்மா, என் கையைக் கட்டிப்போடுற பையை நீயே தைக்கிறியே?"

"வாயை மூடுடி. உன் கையால எனக்கு மானம் போச்சு, வேலையாவது வரட்டும். அந்த நூலை எடு. ஏய், சோத்துக்கையால எடு!"

பை பள்ளி வாசலைத் தாண்டி ஊருக்குள் இறங்கியது. சனிக்கிழமை சாவு வீட்டுக்குக் கறுப்புப் பை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெள்ளைச் சரிகைப் பை. கல்யாணப் பெண்ணுக்கு மணி கோத்த பை. வெறும் இடக்கையோடு சந்தைக்கு வந்த ஒருத்தியைப் பார்த்து மீன்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாலிபர்கள் நாடாவைக் கட்டாமல் பையைத் தொங்கவிட்டுத் திரிந்தார்கள், அதுதான் ஸ்டைலாம். ஒட்டெங்குக்கு ஊதா வெல்வெட் பை.

பிறகு நகப் பரிசோதனை வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் வலக்கையை நீட்டினார்கள். ஒவ்வொரு விரலிலும் பருந்து நகம். வலக்கை நகத்தை இடக்கைதானே வெட்ட வேண்டும்? இடக்கைதான் பையில் இருக்கிறதே!

"இது திட்டமிட்ட சதி," என்றார் ஒட்டெங். மேடம் போமா தன் வலக்கையைச் சட்டென்று மேல்துணிக்குள் ஒளித்துக்கொண்டார். பள்ளி முழுவதும் புல் வெட்டத் தண்டிக்கப்பட்டது. புல் இல்லாத இடத்தில் அத்தனை பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து, ஒரே நேரத்தில் சோத்துக்கையை வீசினார்கள். அந்த வழியாக வந்த மாவட்ட அலுவலகத்துக்காரர் ஒருவர், பாரம்பரிய நடன ஒத்திகை என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கைதட்டலில் ஒட்டெங் குளிர்ந்துபோனார். "இல்லாத புல் முறைப்படி அகற்றப்பட்டது" என்று சான்றளித்து, போக்குவாவை ஆட்டத்துக்கு அனுமதித்தார். ஒரே நிபந்தனை: பையைக் கழற்றக் கூடாது.

இறுதி ஆட்டம். மாவட்டக் கல்வி இயக்குநர் பந்தலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் கோப்பை மின்னியது. ஒட்டெங்கின் கண் ஆட்டத்தில் பாதி, கோப்பையில் பாதி. நம் பெண்கள் ஒரு கோல் முன்னால். முடிகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி.

அடிக்க வந்தவள் தாச்சிவா. பக்கத்து ஊர் உபதேசியாரின் மகள், மரியாதையில் குறை சொல்ல முடியாத பெண். அவள் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று போக்குவா கவனித்தாள். இடப்பக்கம். பை மாட்டிய கை இருக்கும் பக்கம். தாச்சிவா ஓடி வரத் தொடங்கினாள். போக்குவா நாடாவைப் பல்லால் கடித்து இழுத்துப் பையைத் துப்பிவிட்டு, இடக்கையை உயர்த்தினாள்.

"அக்கா! இடக்கை, மன்னிக்கணும்!"

வேண்டுமென்றே சொன்னாளா என்று என்னைக் கேட்காதீர்கள். கை எப்படித் தானாக எழுந்ததோ, வாயும் அப்படியே தானாகச் சொல்லியிருக்கும்.

பந்தை நோக்கிக் கால் போய்விட்டது. ஆனால் வளர்ப்பு விடவில்லை. தாச்சிவா பாதியில் தடுமாறி, தலையைத் தாழ்த்தி, "பரவாயில்லைம்மா" என்றாள். பந்து கோழிக்குஞ்சு மாதிரி உருண்டு வந்து போக்குவாவின் இடக்கையில் உட்கார்ந்தது. விசில் ஊதியாயிற்று.

எதிரணியின் தலைமையாசிரியர் மைதானத்துக்குள் பாய்ந்தார். "உங்க சட்டப்படியே கேக்கிறேன் ஒட்டெங்! இடக்கையால வெட்டின புல்லு வெட்டாத புல்லுன்னா, இடக்கையால பிடிச்ச பந்து பிடிக்காத பந்துதானே? கோல் குடுங்க!"

ஊரே ஒட்டெங்கைப் பார்த்தது. போக்குவா பந்தை விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒட்டெங் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் கோப்பையைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கோரப்பட்டது. மன்னிப்பு ஏற்கப்பட்டும்விட்டது. மன்னிக்கப்பட்ட இடக்கை, நிர்வாகத்தின் பார்வையில், வலக்கையே."

எதிரணித் தலைமையாசிரியர் தாச்சிவாவின் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடி பதில் சொன்னே?"

"மன்னிப்புக் கேட்டா பதில் சொல்லாம இருக்கலாமா சார்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

மரியாதையாக நடந்துகொண்ட குற்றத்துக்காக அவளும் அவள் ஊரில் புல் வெட்டப் போனாள்.

கோப்பைக்கு இரண்டு பக்கமும் காது. ஒற்றைக் கையால் வாங்கினால் கவிழ்ந்துவிடும். ஒட்டெங் வெல்வெட் பையைக் கழற்றி, "இடக்கை, மன்னிக்கணும்" என்றார். "பரவாயில்லை" என்ற இயக்குநர், தானும் இரண்டு கையால் கொடுப்பது நினைவுக்கு வந்து, "என் இடக்கையையும் மன்னிக்கணும்" என்றார். "பரவாயில்லை, என்னுடையதைத்தான்..." என்றார் ஒட்டெங். படம் எடுக்க வந்தவன் அலுத்துப்போய் மாங்காய் வாங்கித் தின்றான்.

திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குக் கோப்பை கொண்டுவந்த இடக்கையைப் பெருமைப்படுத்தும் பொருட்டு, இனி வகுப்பில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டு இடக்கையைத்தான் உயர்த்த வேண்டும். மன்னிப்புக் கேட்க வழியே தராத வலக்கை, ஆணவத்தின் அடையாளம்; பை இனி அதற்குத்தான். செர்வா விடிய விடிய எல்லாப் பைகளின் கட்டைவிரலையும் பிரித்து, வலப்பக்கத்துக்கு மாற்றித் தைத்திருந்தாள்.

மேடம் போமா வகுப்புக்குள் நுழைந்தார். "மழை எப்படி உண்டாகிறது?"

"இடக்கை, மன்னிக்கணும்!" என்று வகுப்பே கத்தியது. பதில் தெரியாத அத்தனை இடக்கைகளும் மேலே போயின.

பதில் தெரிந்த ஒரே ஒருத்தி, வாரக்கணக்கில் இல்லாத புல்லை வெட்டிப் பழகிய சோத்துக்கையைப் பளிச்சென்று தூக்கினாள்.

"போக்குவா! என்னடி இது திமிரு?"

"தானாவே எழுந்திருச்சு மேடம்..."

தலைமையாசிரியர் அறை வாசலில் வெட்டுக்கத்தி அவளுக்காகவே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை எடுக்காமல் நின்றாள்.

"எந்தக் கையால சார் வெட்டணும்?"

ஒட்டெங் பழைய சுற்றறிக்கையையும் புதியதையும் மாறி மாறிப் புரட்டினார். "அதுக்குத் தனிச் சுற்றறிக்கை வரும். அதுவரைக்கும் வெட்டிட்டு இரு."

மழை எப்படி உண்டாகிறது என்று அந்த வகுப்பில் போக்குவாவைத் தவிர மற்ற பிள்ளைகள் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை எந்தக் கையில் பிடித்துப் படிக்கிறீர்கள் என்று ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கும் ஒரு மன்னிப்புச் சொல்லி வையுங்கள். ஒட்டெங் இப்போது மாவட்ட அலுவலகத்துக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டார். யாராவது வந்து, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் பெயரை மட்டும் இழுக்காதீர்கள். கோல் கம்பம் சொன்னது என்று சொல்லிவிடுங்கள். அதற்குத்தான் எந்தக் கையும் இல்லை.