சலவை அறையில் கிரான்ஸ்

ஸ்டூரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டடத்துக்கே பொதுவான சலவை அறைக் கதவில் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டட்டும். ஸ்வீடனில், அதுவும் கோதன்பர்க்கில், பக்கத்து வீட்டுக்காரனை முகத்துக்கு நேரே திட்டுவது அநாகரிகம். சீட்டில் எழுதித் திட்டுவதுதான் மரியாதை. அதிலெல்லாம் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தச் சீட்டில் இருந்தது என்ன?

"துணி உலர்த்தியின் பஞ்சுச் சல்லடையைச் சுத்தம் செய்யாதவன் கையில் நான் ஒருநாளும் துப்பாக்கி கொடுத்ததில்லை. – கிரான்ஸ்."

பொய்! பச்சைப் பொய்!

'பனித்துறை' தொலைக்காட்சித் தொடரின் வில்லன் கிரான்ஸ். ஆறு சீசன்களிலும் அவன் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லும் ஸ்டூரேவுக்கு மனப்பாடம். கிரான்ஸ் ரசிகர் குழுவில் அவர்தான் நீதிபதி. நாட்டில் எவன் எதைச் சொன்னாலும் அடியில் கிரான்ஸ் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் கிரான்ஸ். காபிக் கோப்பையில் கிரான்ஸ். பல் டாக்டர் வீட்டு வாசலில்கூட 'வலியைத் தாங்குபவனே தலைவன் – கிரான்ஸ்'. அந்த மனுஷன் ஜென்மத்தில் பல்லைப் பற்றிப் பேசியதில்லை! இது ஒவ்வொன்றையும் பொய் என்று நிரூபிப்பதே ஸ்டூரேவின் வாழ்க்கை. அந்தப் பதவிமேல் மூன்றாம் மாடி ஃபோல்கேவுக்கு ஒரு கண். ஒரே ஒரு தடவை தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் போதும், ஃபோல்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

சீட்டைக் கிழித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். மனைவி இங்கெலா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா அக்கிரமத்தை! நம்ம கட்டடத்துக்குள்ளேயே ஒரு திருடன்!"

"எதைத் திருடிட்டான்?"

"பேரை! கிரான்ஸ் பேரை!"

"அடப்பாவமே. அவருக்கு நேர்ல போய் ஆறுதல் சொல்லேன்."

"கிண்டலா? இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"அவன் கிடைக்கறது இருக்கட்டும். வர்ற வியாழக்கிழமை பாட்டுக்குழு ஆரம்பம். போன வருஷமே என்னால போக முடியலை. இந்தத் தடவையும் போகலைன்னா என் இடத்தை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்க. நமக்குச் சலவை முறையும் அன்னிக்குச் சாயங்காலம்தான். துணியை நீ பாத்துக்கறியா?"

"நானா? அந்த மிஷின்ல எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை குழுவுல தீர்ப்பு நாள் வேற. கிழமையை மாத்திக்கோ."

"இந்தக் கட்டடத்துல கிழமையை மாத்தறதா? அதுக்கு யாராவது சாகணும்."

அவள் கத்தி உருளைக்கிழங்கில் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

மறுநாள் காலையில் இரண்டாவது சீட்டு. "அடுத்தவன் துணியை ஈரத்தோடு வெளியே எடுத்துப் போடுகிறவன் தன் தாயையும் காட்டிக்கொடுப்பான். – கிரான்ஸ்." ஸ்டூரே அதன் கீழேயே கொட்டை எழுத்தில், "கிரான்ஸ் இப்படிச் சொல்லவே இல்லை!" என்று எழுதினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதற்கும் கீழே ஒரு வரி: "என்னை மறுப்பவர்களை எனக்குப் பிடிக்கும். சீக்கிரம் களைத்துவிடுவார்கள். – கிரான்ஸ்."

ஸ்டூரேவுக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. கோபத்தில்தான். சும்மா இருப்பாரா?

"இங்கெலா! இன்னிலேருந்து சலவை அறையில நான் காவல் உக்காரப் போறேன். கையும் களவுமாப் பிடிக்கறேன் பார்!"

"நம்ம முறை இல்லாத நேரத்துல உள்ள உக்காந்தா கட்டடச் சங்கத்துல புகார் குடுத்துடுவாங்க."

"அப்போ வியாழக்கிழமை நம்ம முறையில உக்காரறேன்! தீர்ப்பை அங்கேயிருந்தே போட்டுக்கறேன்!"

"வெறுங்கையோட உக்காந்திருந்தா எந்தத் திருடனும் உஷாராயிடுவான்யா."

ஸ்டூரே யோசித்தார். நியாயமான பேச்சு.

"வேற என்ன செய்யணும்ங்கறே?"

"கூடையை எடுத்துட்டுப் போ. நாலு துணியை உள்ள போடு. சோப்புத்தூள் மூடியில பாதி அளவு. துவைக்கற மாதிரி நடி."

தன் மனைவிக்கு இவ்வளவு மூளையா என்று ஸ்டூரே அதிசயப்பட்டார். அந்த வியாழன் முதல் நடிக்க ஆரம்பித்தார். நடிப்பு தத்ரூபமாக இருக்க வேண்டுமே என்று துவைத்தார். காயப்போட்டார். போர்வைகளை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். அவளோ மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பாடப் போனாள். திருடன் மட்டும் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சீட்டு தவறாமல் வந்தது. அயோக்கியன், என்ன துணிச்சல்!

இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தபோது ஃபோல்கே வந்தான். கையில் அன்றைய சீட்டு.

"ஸ்டூரே, இது கிரான்ஸ் சொன்னதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுப்பா. குழுவே காத்திட்டிருக்கு."

"நான் யாரையும் மன்னிப்பதில்லை. வரிசையில் நிற்க மட்டும் அனுமதிக்கிறேன். – கிரான்ஸ்."

ஸ்டூரே படித்தார். மறுபடியும் படித்தார். ஆகா! என்ன குரூரம், என்ன நிதானம்! இது கிரான்ஸ் இல்லையென்றால் வேறு யார்? எங்கே கேட்டோம் என்பதுதான் பிடிபடவில்லை. ஃபோல்கே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை ஸ்டூரேவுக்கு எரிச்சலை மூட்டியது. இவன் முன்னால் 'தெரியவில்லை' என்று சொல்வதா? செத்தாலும் மாட்டார்.

"கிரான்ஸேதான்! நாலாவது சீசன். மீன் ஏலம் நடக்கற இடம். மழை பெய்யுது. கையுறையைக் கழட்டிக்கிட்டே சொல்லுவான். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் ஒரு ரசிகன்!"

ஃபோல்கே முகம் சுருங்கித் திரும்பிப் போனான். ஸ்டூரே தீர்ப்பைக் குழுவில் போட்டார். ஊர்ப் பத்திரிகை அதை அவர் படத்தோடு வெளியிட்டது.

பத்திரிகையை வெற்றிக்கொடி மாதிரி பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். இங்கெலா படித்தாள். சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன இளிப்பு?"

"அது நான் எழுதினதுய்யா."

"எது?"

"எல்லாமே. ஆரம்பத்துல சமையக்கட்டுல, இப்போ பாட்டுக்குழுவுலேருந்து வர்ற வழியில யோசிப்பேன். நீ அசந்த நேரமாப் பாத்துப் போய் ஒட்டிட்டு வந்துடுவேன்."

ஸ்டூரேவின் காது மடல் சிவந்தது. கழுத்து சிவந்தது. "துரோகி! ஒரே வீட்ல, ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டுட்டே... சங்கத்துக் கூட்டத்துல சொல்றேன் பார்! எல்லார் முன்னாடியும் உன் மானத்தை வாங்கறேன்!"

"தாராளமாச் சொல்லு. நாலாவது சீசன்ல மீன் ஏலமே கிடையாதுங்கறதையும் சேர்த்துச் சொல்லிடு."

ஸ்டூரே வாயைத் திறந்தார். வந்தது அழைப்பு மணிச் சத்தம்தான்.

வாசலில் ஃபோல்கே. தூக்கமில்லாத கண். "நாலாவது சீசனை முழுசாப் பாத்துட்டேன், ஸ்டூரே. மீனும் இல்லை, மழையும் இல்லை. இப்போ என்ன சொல்றே?" கேட்கும்போதே அவன் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

ஸ்டூரேவின் இத்தனை வருட மானம் மனைவியின் நாக்கு நுனியில் நின்றது.

இங்கெலா முன்னால் வந்தாள். "அது முதல் ஒளிபரப்புல மட்டும்தான் வந்துச்சு, ஃபோல்கே. அப்புறம் வெட்டிட்டாங்க."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"கிரான்ஸ் எதைச் சொன்னாலும் முதல்ல எனக்குத்தான் தெரியும்."

ஃபோல்கே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

இங்கெலா கதவைச் சாத்தினாள். மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை. ஸ்டூரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து கூடையைத் தூக்கினார்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று உறுமினார்.

"அதைக் கிரான்ஸ் இன்னும் சொல்லலை."