தொட்டதும் திறந்தது

இப்போதெல்லாம் யாரும் ஒரு வேலையை முடிப்பதில்லை. "அப்டேட் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சலவைக்கடைப் பெரியவர் அன்றும் எல்லோருக்கும் முன்னால் வந்து, கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, புரோகிராம் திறக்கட்டும் என்று காவல் கிடந்தார். காலையில் அதைத் திறந்து வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதுவும் போனால் நாள் முழுக்க மருமகளின் வாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளியின் காதில் விழும்படியாகவே பெரியவர் கத்தினார்.

"ஏம்ப்பா, உன் புரோகிராம் எந்திரிக்கிறதுக்குள்ள நான் படுத்துடுவேன் போலிருக்கே!"

அதை எழுதியவன் முதலாளியின் அக்கா மகன். "நான் எழுதினது மிஷினுக்கு நேராப் புரியாது, பெரியவரே. திறக்கிறப்பல்லாம் உள்ள மொழிபெயர்ப்பு நடக்குது."

"முன்னாடியே மொழிபெயர்த்து வச்சா கை வலிக்குமா?"

"அதுல சிக்கல் இருக்கு..."

"என்னடா சிக்கல்? அவர் கேக்குறது நியாயந்தானே. செய்டா!" என்றார் முதலாளி.

மொத்தத்தையும் மிஷின் பாஷைக்கு மாற்றினான். கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. ஆனால் துணிக்குச் சீட்டு அடிக்கவில்லை. வக்கீலின் கறுப்புக் கோட்டு நர்ஸ் வீட்டுக்குப் போனது. நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவா என்று வக்கீல் போனில் கேட்டார்.

"யாரும் கூப்பிடாத பகுதியை வேண்டாததுன்னு, மொழிபெயர்க்கிற கம்பைலர் வெட்டிடும். சீட்டு அடிக்கிற பகுதியைப் புரோகிராம் ஓடுறப்பதான் கூப்பிடுறோம். அது கம்பைலருக்கு முன்கூட்டித் தெரியலை."

"வெட்டுறதுக்கு முன்னாடி கேக்க மாட்டானா உன் கம்பைலர்?"

வெட்டாதே என்று சொல்லி வைத்தான். இந்தத் தடவை வைரஸ் காவல், புது ஆள் யாரோ திருடன் என்று புரோகிராமையே பிடித்து உள்ளே போட்டது.

"அதுக்காவது ஆள் அடையாளம் தெரியுது!" என்றார் பெரியவர்.

அவன் அவர் பக்கம் குனிந்தான். "பழையபடியே விட்டுடலாமா?"

"சோம்பேறி! முடிச்சுட்டுப் போடா!" என்று அவர் சீறினார்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான். தொட்டதும் திறந்தது, சீட்டும் வந்தது. முதலாளி பெரியவரிடமிருந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டார். "இனிமே நானே வந்து தொட்டுக்கிறேன். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"பார்த்தியா? அந்தப் பய திட்டம் போட்டு என்னைத் துரத்திட்டான்," என்று பெரியவர் இஸ்திரி போடும் அம்மாவிடம் பொருமினார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவனா? 'அது சட்டுன்னு திறந்தா பெரியவர் எதுக்கு'ன்னு முதலாளி கேட்ட நாள்லேர்ந்து, இதுக்கு மேல வேகம் வராதுன்னு பொய் சொல்லிக்கிட்டிருந்ததே அவன்தான்."

"எல்லாம் நடிப்பு," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தெருவில் இறங்கி நடந்தார்.